ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தவர்

“இன்னும் பின்னாடி போ.”

“எவ்வளவு மேடம்?”

“அலாரம் அடிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி. ஆங், அங்க நிறுத்து. இதுல யார் யாரு தெரியறாங்க?”

“எல்லாருமே தெரியறாங்க. நீங்களும்தான்.”

“நானா?”

“மூணாவது கேமரா. மாடி நடைபாதை.”

ஆய்வு வழிகாட்டியான மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். மேசையில் விடைத்தாள் கட்டுகள், ஆறிப்போன காபி, காகிதங்கள் பறக்காமல் இருக்கக் கரிந்த மரத்துண்டு ஒன்று. கீழ்த்தளத்தில் எரித்துச் சோதித்த ஏதோ ஒரு கதவின் மிச்சம் அது. திரையில் போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி ஒன்பது நிமிடம். படத்தில் ஒலி கிடையாது. மூன்று பத்துக்கு நடைபாதையின் கூரையில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. அலாரம் அடிக்கிறது என்று அர்த்தம். உடனே ஓர் அறைக் கதவு திறந்து மேடம் தலையை நீட்டினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“சாத்தறேன்,” என்றார் மேடம், யாரோ தெருவில் போகிறவளைப் பற்றிச் சொல்வது போல.

“சத்தம் ஜாஸ்தியா இருந்திருக்கும் மேடம்.”

“இருபத்திரெண்டு வருஷமா வகுப்புல ஒரே பாட்டு. அலாரம் அடிச்சா எழுந்திரு, எழுந்திருன்னு. இப்ப பாரு, கதவைச் சாத்தறேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவி அடுத்த கோப்பைத் தேடுவது போல மவுஸை நகர்த்தினாள். அவளுக்கு இன்னும் இரண்டு கேமராக்கள் பாக்கி இருந்தன. அவற்றில் ஒன்றில் அவளே இருந்தாள். இன்னொன்றில் உலை அண்ணன் இருந்தார். எட்டு நாளாக அந்தக் கோப்பைத் திறக்கத் துணிவில்லாமல், அது கணினியில் ஒரு மூலையில் கிடக்க, அவள் சுற்றிச் சுற்றி வேறு வேலைகளைச் செய்துகொண்டிருந்தாள்.

தீப் பாதுகாப்புப் பொறியியலில் மேற்படிப்பு, கடைசி ஆண்டு. அவளுடைய ஆய்வு ஒரு சின்ன இடைவெளியைப் பற்றியது. அலாரம் அடித்ததற்கும் ஒருவர் வாசலை நோக்கி முதல் அடி எடுத்து வைப்பதற்கும் நடுவே எத்தனை நொடி? நெருப்பு எவ்வளவு வேகமாகப் பரவும், கதவு எத்தனை நிமிடம் தாங்கும், படிக்கட்டில் எத்தனை பேர் இறங்கலாம் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. மனிதன் எழுந்திருக்க எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குத்தான் சரியான கணக்கு கிடையாது. சிலர் செருப்பைத் தேடுவார்கள். சிலர் எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிப்பார்கள். பலர் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள், அவரும் இவர்கள் முகத்தைப் பார்ப்பார், இப்படியே ஒரு நிமிடம் ஓடிவிடும். அவளுக்கு அந்த நிமிடத்தின் மேல் ஒரு மயக்கமே இருந்தது. எல்லாம் நடந்தாகிவிட்டது, ஆனால் எதுவும் இன்னும் நடக்கவில்லை என்பது போன்ற ஒரு நிமிடம். கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டே திரிந்ததால் உலை அண்ணன் அவளுக்கு ஸ்டாப்வாட்ச் என்றே பெயர் வைத்துவிட்டார்.

உலை அண்ணன் கீழ்த்தளத்துச் சோதனை உலையைப் பார்த்துக்கொள்கிறவர். ஒரு சின்ன வீட்டையே உள்ளே தள்ளிவிடலாம் போன்ற உலை அது. கதவுகளையும் சுவர்களையும் அதன் வாயில் பொருத்தி எரித்து, எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கின்றன என்று பார்ப்பார்கள். இருபது வருடமாக அந்த உலைக்கு அவர் சொன்னதுதான் சட்டம். அதனால் அந்தக் கட்டடத்தில் புகை வாசனை என்பது பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக்கட்டி வாசனை மாதிரி. யாரும் மூக்கைத் தூக்கிப் பார்ப்பதில்லை. அலாரமும் அப்படித்தான், மாதத்துக்கு இரண்டு தடவை யாராவது ஒரு சோதனைக்காக அடிப்பார்கள்.

ஆனால் அலாரம் அடித்தால் எழுந்துவிடுகிற ஒரே ஆள் உலை அண்ணன்தான். எதற்காக அடிக்கிறது என்று கேட்க மாட்டார். கையில் இருப்பதை அங்கேயே வைப்பார், போனைக்கூட எடுக்க மாட்டார், உள்ளங்கையால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார். “கெளம்புங்க, கெளம்புங்க” என்றபடி படியேறி வந்து ஒவ்வோர் அறை வாசலிலும் தலையைக் காட்டிவிட்டு முன்வாசல் வழியாகப் போவார். மற்றவர்கள் அலுத்துக்கொண்டே, கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் போவது போல அவர் பின்னால் போவார்கள். “உங்களுக்கென்ன அண்ணே, உசுரு மேல அவ்வளவு ஆசையா” என்று யாராவது சீண்டினால், “உசுரு மேல இல்ல, மத்தியானச் சாப்பாட்டு மேல” என்பார்.

இதுதான் அவளுடைய ஆய்வைக் கவிழ்த்தது. இரண்டு ஒத்திகை நடத்தினாள். இரண்டிலும் நாற்பத்தோரு பேரும் உலை அண்ணன் வாசலில் தலையைக் காட்டிய எட்டு நொடிக்குள் எழுந்தார்கள். எண்களைப் பார்த்த மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, இது நாற்பத்தோரு பேருடைய கணக்கு இல்லை, ஒரே ஆளுடைய கணக்கு, அவர் விடுப்பில் இருக்கும் நாளாகப் பார்த்து மறுபடி நடத்து என்று சொன்னார். உலை அண்ணன் விடுப்பு எடுக்கிற நாளுக்குக் காத்திருந்தால் அவளுக்குத் தலை நரைத்துவிடும். அவள் நேராகக் கீழே போனாள்.

அடுத்த தடவை அலாரம் அடித்தால் நீங்கள் உடனே கிளம்பாதீர்கள், ஐந்து நிமிடம் உங்கள் அறையிலேயே உட்கார்ந்திருங்கள், மற்றவர்கள் தாங்களாகவே என்ன செய்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும் என்றாள். அவர் காய்ச்சிய கம்பியைத் தொட்டவர் போலக் கையை உதறினார். அலாரம் அடிக்கும்போது உட்காருவதா, என்னால் முடியாது, காலே கேட்காது என்றார். அவள் கெஞ்சினாள். பட்டமே இதில்தான் இருக்கிறது என்றாள். கடைசியில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்று கேட்டார்.

“சரி, அன்னிக்கு நெசமாவே எரிஞ்சா?”

“நெசமா எரிஞ்சா நானே உங்களுக்குப் போன் பண்றேன் அண்ணா.”

இருவரும் சிரித்தார்கள். அவள் அந்தச் சிரிப்போடு மாடியேறினாள். இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒரு நாள் முன்னறிவிப்பில்லாத ஒத்திகை நடக்கும் என்று விதிப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். அறைகளில் கேமரா பொருத்தினாள். ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். ஒத்திகையை வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு என்று மனதுக்குள் வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மூன்று பத்துக்கு உலை அறைக்கு அடுத்த பொருட்கிடங்கில், பாரம் தூக்கும் வண்டியின் பேட்டரி சார்ஜில் இருந்தபோது தீப்பிடித்துக்கொண்டது.

“உன் கேமராவப் போடு,” என்றார் மேடம்.

படிப்பறை. பதினான்கு பேர். சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் பதினான்கு தலைகளும் நிமிர்ந்தன. பிறகு பதின்மூன்று தலைகள் ஒரே பக்கம் திரும்பின, அவள் பக்கம். அவள் அதுவரை அறியாத ஒன்று அது. திரையில் இருந்த அவள் ஒரு கணம் குழம்பினாள். பிறகு அவள் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. அந்தப் புன்னகையின் காரணம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மேடம்தான் தன்னிடம் சொல்லாமல் ஒத்திகை நாளை மாற்றிவிட்டார், தன்னையும் சேர்த்துச் சோதிக்கிறார் என்று நினைத்திருந்தாள். திரையில் அவள் கழுத்திலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்து அழுத்தினாள். அதைப் பார்த்த பதின்மூன்று பேரும் சிரித்துவிட்டு, அவளுக்கு உதவுகிற நல்ல எண்ணத்தோடு, இயல்பாக இருப்பது போலப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒருவன் வேண்டுமென்றே கொட்டாவி விட்டான்.

இப்போது பார்க்கும்போதுதான் அவளுக்கு அது முழுதாகத் தெரிந்தது. எரிகிற கட்டடத்தில் உட்கார்ந்து பதின்மூன்று பேர் நடித்துக்கொண்டிருந்தார்கள், அவள் நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். நான்கு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் வாசல் காவலர் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்து கையை வீசினார். அப்போதுதான் எல்லோரும் எழுந்தார்கள். திரையில் அவள் எழுந்துகொள்ளும்போதுகூட ஸ்டாப்வாட்சை மறக்காமல் நிறுத்தினாள்.

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “போதும். அவரோடதப் போடு. எப்படியும் அழிக்கப் போறோம், அவர் எங்கெங்க வர்றார்னு பாத்துக் குறிச்சுக்கணும்.”

அழிக்கத்தான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் மருத்துவமனையிலிருந்து தபாலில் ஒரு படிவம் வந்திருந்தது. ஆய்வில் பங்கேற்றவர் எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், பெற்றால் இரண்டு வேலை நாளுக்குள் அவர் இருக்கும் படம் முழுவதையும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. அந்தப் படிவத்தின் அடியில் கோணல்மாணலாக உலை அண்ணனின் கையெழுத்து. நுரையீரல் முழுக்கப் புகையோடு அவர் படுத்திருந்தார். விபத்துக்கு மறுநாளே விசாரணைக் குழுவுக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்: காதில் இரைச்சல் தடுப்பான் போட்டிருந்தேன், அலாரம் கேட்கவில்லை. குழு அதை அப்படியே எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை முடிவெடுக்கப் போகிறது. பணியில் கவனக்குறைவு, இனி உலையைத் தொடக் கூடாது, பதிவேட்டு அறைக்கு மாற்றம். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது.

அவளோ அந்த இரைச்சல் தடுப்பானைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சாப்பிட்டாள், தூங்கினாள். அவருக்குக் கேட்கவில்லை. அப்படியானால் தான் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கோப்பு திறந்தது. உலை அறை. உலை அணைந்திருந்தது. அண்ணன் மேசையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் மஞ்சள் நிற இரைச்சல் தடுப்பான், இரண்டு காதும் பளிச்சென்று தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டார். உள்ளங்கை மேசையை ஒரு தட்டுத் தட்டியது. இரண்டாவது தட்டு பாதியில் நின்றது. அவர் அண்ணாந்து கேமராவைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார், உட்கார்ந்தார்.

“உக்காந்துட்டார்,” என்றார் மேடம். “ஏன் உக்காந்தார்?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முழங்கால்கள் இரண்டும் மேசைக்கு அடியில் துள்ளிக்கொண்டிருந்தன, ஓடச் சொல்லும் கால்களைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம் இருபதாவது நொடியில் கதவுக்கு அடியிலிருந்து புகை வந்தது. முதலில் மெல்லிசாக, யாரோ துணியை இழுத்துக்கொண்டு போவது போல. ஒத்திகைகளுக்கென்று துறையில் ஒரு புகை இயந்திரம் உண்டு, நாடக மேடைகளில் வைப்பார்களே அது போல. அண்ணன் புகையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

“யாருக்குக் காட்டறாரு?”

“எனக்கு மேடம்.”

சொல்லிவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கீழே போனது, கெஞ்சியது, ஐந்து நிமிடம், போன் பண்றேன் என்றது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் ஓடிக்கொண்டிருந்தது, இருவருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. புகை முழங்கால் உயரத்துக்கு வந்தது. நிறம் மாறியது. அண்ணனின் கட்டைவிரல் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. சட்டைக் கழுத்தை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார், இருமினார், கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக ஐந்தாவது நிமிடம், ஒரு நொடி கூடவோ குறையவோ இல்லாமல் எழுந்தார். மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். யாருமில்லாத அறையில். பிறகு கதவைத் திறந்துகொண்டு, சாம்பல் நிறச் சுவர் போல நின்ற புகைக்குள் போனார்.

காலி அறை. புகை மேசை வரை ஏறியது. ஐந்து நிமிடம் நாற்பதாவது நொடியில் அந்த மேசை மேல் ஒரு வெளிச்சம் வந்தது. நீலமாக, சின்னதாக, துடித்துத் துடித்து. அவர் எப்போதும் போல எடுக்காமல் விட்டுப்போன போன். அவள் வெளியே மரத்தடியில் தலைகளை எண்ணி, ஒன்று குறைகிறது என்று கண்டு, வாக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்து அழைத்த அழைப்பு. யாரும் எடுக்காமல் அது துடித்து, புகைக்குள் மங்கி, அணைந்தது.

மேடம் கை நீட்டிப் படத்தை நிறுத்தினார்.

பிறகு மெதுவாகப் பேசினார். நீ போய்க் குழுவிடம் சொல்லலாம், நானும் கூட வருகிறேன், கதவைச் சாத்தியவள் நான், எனக்கும் பங்கு உண்டு என்றார். ஆனால் அவர் காது கேட்கவில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், நீ இல்லை என்கிறாய், குழு யாரை நம்பும், சின்னப் பெண் மனசு கேட்காமல் உளறுகிறாள் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடும். சாட்சி இந்தப் படம் ஒன்றுதான். அதை வைத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது, நாமே எழுதிய விதி.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு,” என்றார். “அதுக்கப்புறம் நானே கேட்டாலும் இது இருக்கக் கூடாது.”

அன்றே அவள் போனாள். மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் நான்கு முதல் ஆறு. மூன்றாவது மாடி, ஆறு படுக்கை உள்ள கூடம், ஜன்னலோரம் அண்ணன். மூக்கில் குழாய், தலைமாட்டில் சுவரோடு பொருத்திய ஆக்சிஜன் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி கிழிந்த தலையணை உறை ஒன்றை ஊசி நூலால் தைத்துக்கொண்டிருந்தார். தையல்கடை வைத்திருப்பவர், கை சும்மா இருக்காது. மருத்துவமனைத் தலையணையாக இருந்தாலும் பிரிந்த தையலைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை போலும்.

“வாம்மா. நீயாவது கேளு இந்த மனுஷன,” என்றார் அண்ணி, வந்ததும் வராததுமாக. “காதுல கேக்கலையாம். வீட்ல நான் மனசுக்குள்ள திட்டினாலே கேக்குற காது அது. குக்கர் விசிலடிச்சா வாசக்கதவத் தொறந்து வெக்கிற ஆளு. நான் நம்பணுமாம்.”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். குரல் இன்னும் சரியாக வரவில்லை. அண்ணி செவிலியரிடம் ஏதோ கேட்க வாசல் பக்கம் போன நேரத்தில், உதட்டை அசைத்தார். அவள் குனிந்தாள்.

“அழிச்சாச்சா?”

“இல்லண்ணா.”

“அழிச்சிடு.” மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். “இருவது வருஷம். புகையோட நெறத்தப் பாத்தே என்ன எரியுதுன்னு சொல்லுவேன். அன்னிக்கு கட்டவெரலத் தூக்கிக் காட்டினேன், ஸ்டாப்வாட்சு. யாரும் அதப் பாக்கக் கூடாது.”

அவள் அப்படியே நின்றுவிட்டாள். வழியெல்லாம் அவர் தன்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதற்கு என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். அந்த அடுக்கு முழுவதும் இப்போது பொலபொலவென்று சரிந்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். செவிடன் என்ற பெயர் அவருக்குப் பரவாயில்லை. ஏமாந்தவன் என்ற பெயரை, அதுவும் புகையிடம் ஏமாந்தவன் என்ற பெயரை, அவரால் தாங்க முடியவில்லை. அதற்காக உலையையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்.

“பாத்துட்டேன் அண்ணா,” என்றாள். “நானும் மேடமும்.”

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்தது.

அண்ணி திரும்பி வந்து, தையலை எடுத்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னவோ நடந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டார். “எத அழிக்கணும்? என்ன ஓடுது இங்க?”

அவள் பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். காலையில் வந்த அதே படிவம். அதன் பின்பக்கத்தில் அவள் இரண்டே வரி அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள்: முன்பக்கத்தில் உள்ள முடிவை நான் மாற்றிக்கொள்கிறேன், என் படத்தை விசாரணைக்குக் காட்டச் சம்மதிக்கிறேன். அதற்கு அடியில் ஒரு கோடு. படிவத்தைப் போர்வை மேல் வைத்தாள். பேனா நழுவாமல் இருக்க அதன் மூடியைப் போர்வையின் மடிப்பில் சொருகினாள்.

“அண்ணி, அவருக்கு அலாரம் கேட்டுச்சு. மொத செகண்ட்லயே எந்திரிச்சாரு. நான்தான் அஞ்சு நிமிஷம் உக்காரச் சொல்லியிருந்தேன். நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகப் புகையில உக்காந்திருந்தாரு.”

அண்ணியின் கையிலிருந்த ஊசி நின்றது. கணவனைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். திட்டியிருந்தால் அவளுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

எதிர்ச் சுவரில் கடிகாரம் நாலு நாற்பது. குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன. அண்ணன் திரும்பவில்லை, ஆனால் போர்வைக்கு வெளியே கிடந்த அவருடைய வலது கை, கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடிக்கொண்டது.

அவள் கட்டிலின் அந்தப் பக்கம் சுற்றிப் போய், அவர் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவில் தரையில் முட்டி போட்டாள்.

“அந்தக் கட்டவெரல நாங்க மட்டும் பாத்தாப் போதாது அண்ணா. குழுவுல இருக்கறவங்களும் பாக்கட்டும். நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்னு அதுல மட்டும்தான் இருக்கு. உங்களுக்குக் கேவலமா இருக்கும், தெரியும். இருந்தாலும் கேக்கறேன். பின்பக்கம் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”